சின்னப் படகில் ஜெனரேட்டரை எப்படிக் கட்டுவது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் ஐந்தரை மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு இருக்கிறது. சனிக்கிழமை இரவுகளில் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் நங்கூரமிட்டு மீன் பிடிப்போம். விளக்கு, மின்விசிறி, சிறிய குளிர்பெட்டி ஆகியவற்றுக்காக 2 கிலோவாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு போகிறோம். கொக்கி வைத்த ரப்பர் கயிற்றால்தான் கட்டியிருந்தேன். போன வாரம் ஓர் இழுவைப்படகு கிளப்பிய அலையில் ஜெனரேட்டர் நகர்ந்து பக்கச்சுவரில் மோதிவிட்டது. எதை வைத்து, எப்படிக் கட்டினால் அசையாமல் இருக்கும்?
– பாசிர் ரிஸ் வாசகர்

பதில்: ரப்பர் கயிறு நீள்வதற்கென்றே செய்யப்பட்டது. படகு ஒரு பக்கம் சாயும்போது நீண்டு கொடுக்கும். படகு நிமிரும்போது, சேர்த்துவைத்த விசையோடு ஜெனரேட்டரை மறுபக்கம் இழுத்து எறியும். குளிர்பெட்டி மூடியைப் பிடித்துவைக்க அது போதும். 20 கிலோவுக்கு மேற்பட்ட இயந்திரத்துக்கு உதவாது.

தாங்கவேண்டிய விசையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீங்கள் சொல்லும் வகை ஜெனரேட்டர் ஏறத்தாழ 21 கிலோ இருக்கும். தொட்டியில் 3.6 லிட்டர் பெட்ரோல் நிரம்பியிருந்தால் இன்னும் 2.7 கிலோ. மொத்தம் 24 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய படகு வேகமாகப் போய் அலைமேல் ஏறித் தொப்பென்று விழும்போது அந்த எடை மூன்று மடங்காகும் என்று கணக்கிடுவது பாதுகாப்பு. அதாவது 72 கிலோ. பட்டைகளுக்கு இது பெரிய சுமையே அல்ல. பட்டை அறுவது அரிது. பட்டையை மாட்டிய வளையம் தளத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுதான் அடிக்கடி நடக்கிறது. அதனால் வேலையைத் தளத்திலிருந்து தொடங்குங்கள்.

இடம்: பின்பகுதியில், தாழ்வாக, புகைக்குழாய் படகுக்கு வெளியே பார்க்கும்படி வையுங்கள். அறைக்கூரை மேல் வைத்தால் படகின் ஆட்டம் கூடும். உங்கள் படகின் பின்பகுதியில் ஏற்கெனவே மோட்டார், பேட்டரி, பெட்ரோல் தொட்டி எல்லாம் இருக்கும். கூடுதலாக 24 கிலோவும் சேர்ந்தால், தளத்து நீர் வெளியேறும் துளைகள் கடல்மட்டத்துக்குக் கீழே போகின்றனவா என்று, வழக்கமாக வரும் எல்லாரும் படகில் இருக்கும்போது பாருங்கள். போகின்றன என்றால் குளிர்பெட்டியையும் தண்ணீர்க் கலன்களையும் முன்பக்கம் நகர்த்துங்கள். பெட்ரோல் தொட்டியின் மூடிக்கும் அதன் காற்றுத்துளைக்கும் அருகே ஜெனரேட்டரை வைக்கவே கூடாது.

அடிப்பலகை: 18 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகை, ஏறத்தாழ 600க்கு 400 மி.மீ. எல்லா முகங்களுக்கும், முக்கியமாக வெட்டிய ஓரங்களுக்கு, எப்பாக்ஸி மூன்று பூச்சு கொடுங்கள். ஓரம் ஊறினால் இரண்டே மழைக்காலத்தில் பலகை பிரிந்துவிடும். சுற்றிலும் 60 மி.மீ. உயரத்தில் கட்டை அடித்து, உட்பக்கம் மெத்தென்ற ரப்பர் ஒட்டுங்கள். ஜெனரேட்டருக்கும் கட்டைக்கும் இடையே 10 மி.மீ. இடம் விடுங்கள். நான்கு மூலைகளிலும் கட்டை சேராமல் இடைவெளி இருக்கட்டும், தண்ணீர் வழிந்தோட. பலகைக்கு அடியில் 6 மி.மீ. ரப்பர் விரிப்பு. இந்தத் தொட்டில்தான் ஜெனரேட்டர் பக்கவாட்டில் ஓடுவதைத் தடுக்கிறது. பட்டையின் வேலை அது மேலெழாமலும் கவிழாமலும் பிடிப்பது. பலகையே நகரக்கூடாதல்லவா, அதனால் பலகையையும் தளத்தோடு போல்ட்டு போட்டு இறுக்கிவிடுங்கள்.

வளையங்கள்: 316 தரத் துருப்பிடிக்கா எஃகில் செய்த நான்கு வளையங்கள், ஒவ்வொன்றும் எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டால் தளத்தை ஊடுருவிப் பிடிக்கவேண்டும். அடியில் குறைந்தது 50க்கு 50 மி.மீ. அளவுள்ள, 3 மி.மீ. தடித்த எஃகுத் தகடு, அதன்மேல் நைலான் பூட்டு நட்டு. மரத்திருகாணி போடவே வேண்டாம். கண்ணாடியிழைத் தளத்தின் மேல்தோல் சில மில்லிமீட்டர்தான். திருகாணியின் புரிகள் அதில் மட்டுமே பிடிக்கும். ஜெனரேட்டரின் அதிர்வு அந்தத் துளையை நாளடைவில் பெரிதாக்கும். தளத்தின் நடுவே மரம் அல்லது நுரை இருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகியதும் நடுவில் எம்6 அளவுக்கு மறுபடி துளையிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே புகும் தண்ணீர் மரத்தை அழுகவைத்து, வெளியே எதுவும் தெரியாமலே தளத்தைப் பஞ்சாக்கிவிடும். போல்ட்டைச் சுற்றிக் கடல்தரப் பாலியூரித்தேன் பசை பூசுங்கள். வளையங்களின் இடம் முக்கியம். பட்டை ஜெனரேட்டரிலிருந்து ஏறத்தாழ 45 பாகை சாய்வில் இறங்கவேண்டும். நேர்செங்குத்தாக இறங்கினால் மேலெழுவதை மட்டும் தடுக்கும். படுக்கையாகப் போனால் நகர்வதை மட்டும் தடுக்கும்.

பட்டை: 25 மி.மீ. அகலப் பாலியெஸ்டர், இரண்டு. நைலான் நனைந்தால் நீளும், கட்டு தளரும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் நீலம், ஆரஞ்சு நிறப் பாலிப்ரொப்பிலீன் கயிறு நம் வெயிலில் சீக்கிரமே பொடியும், தவிர 160 பாகை செல்சியசிலேயே உருகும். பாலியெஸ்டர் உருக ஏறத்தாழ 250 பாகை வேண்டும். ஆனாலும் எந்தப் பட்டையும் புகைக்குழாய்ப் பக்கம் போகக்கூடாது. பட்டையில் தைத்திருக்கும் சீட்டில் பாதுகாப்பான வேலைச்சுமை 250 கிலோவாவது இருக்கட்டும். அறுபடும் வலிமையை மட்டும் எழுதியிருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கையே நம்புங்கள். ஜாலான் புசார் வட்டார இரும்புக் கடைகளில் பட்டை, வளையம், போல்ட்டு எல்லாமே கிடைக்கும். வாங்கும்போது கையில் ஒரு காந்தம் இருந்தால் நல்லது. 316 எஃகு காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. பளபளவென்று முலாம் பூசிய இரும்பு வளையம் உடனே ஒட்டிக்கொள்ளும்.

பட்டையை இறுக்க நெம்புகோல் வைத்த ராட்செட் வேண்டாம். கையால் இழுத்து அழுத்திப் பூட்டும் கேம் பக்கிளே நல்லது. ராட்செட்டின் கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினாலே மிகப் பெரிய இழுவிசை வந்துவிடும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டரின் வெளிக்கூடு பிளாஸ்டிக், அதன் மேற்கைப்பிடி தூக்குவதற்கு மட்டுமே. அங்கே ராட்செட் போட்டால் கூடு விரியும். இரும்புக் குழாய்ச் சட்டம் உள்ள ஜெனரேட்டராக இருந்தால் கதை வேறு. சட்டத்தின் கீழ்க்குழாயில், கால்களுக்கு அருகே கட்டலாம்.

இனி வருவது பலரும் விட்டுவிடும் விஷயம். படகு பயணிக்கும்போது போடும் கட்டும், ஜெனரேட்டர் ஓடும்போது போடும் கட்டும் வெவ்வேறு. பயணத்தின்போது இரண்டு பட்டைகளும் மேலே குறுக்கே போய்க் கையால் முழுமூச்சாக இழுத்து இறுக்கியிருக்கவேண்டும். நான்கு பக்கமும் தள்ளிப் பாருங்கள், 5 மி.மீ.க்கு மேல் அசையக்கூடாது. துறையை விட்டுக் கிளம்பிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். பட்டைக்கு ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டினால் காற்றில் படபடக்காது. நங்கூரமிட்டு ஜெனரேட்டரை ஓடவிடும்போது அதே இறுக்கம் இருந்தால் அதன் ரப்பர் கால்கள் நசுங்கி, அதிர்வு முழுவதும் தளத்துக்குப் போகும். படகே முழங்கும், நட்டுகள் தளரும். ஆகவே ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கால்கள் தாமாக நிற்கும் அளவுக்குத் தளர்த்துங்கள், ஜெனரேட்டர் தொட்டிலின் கட்டையைத் தாண்டி எழாத அளவுக்கு மட்டும். காற்று உள்ளே போகும் பலகணிகளையும் பெட்ரோல் மூடியையும் பட்டை மறைக்கக்கூடாது.

கழற்றிய பட்டையைச் சுருட்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். ஒரு முனை வளையத்திலேயே மாட்டியிருக்கட்டும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திரா சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்தான் வருகிறது, நீங்கள் கண் அயரும் நேரம். மேற்கே மின்னல் தெரிந்ததும் ஜெனரேட்டரை நிறுத்தி, அரை நிமிடத்தில் கட்டிவிட முடியவேண்டும். பட்டையை அறுக்க ஒரு கத்தியும் பக்கத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் பக்கிளோடு போராட நேரமிருக்காது.

கேள்வி: என் கணவரும் மகனும் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் படகில் இரவு தங்குவார்கள். மழைக்காகப் படகின்மேல் முழுக்கூடாரம் போட்டு, ஜெனரேட்டரைப் பின்பக்கம் வைத்து ஓட்டுகிறார்கள். காலையில் இருவருக்கும் தலைவலி, குமட்டல். "கடல் ஒத்துக்கவில்லை" என்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கடலுக்குப் போகிறவர்களுக்கு இப்போது திடீரென்று ஒத்துக்காமல் போகுமா?
– துவாஸ் வாசகி

பதில்: அம்மா, இந்தப் பதிலை அவர்கள் இருவரிடமும் இன்றே காட்டுங்கள். நீங்கள் எழுதியிருப்பது, ஜெனரேட்டர் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு ஏற்படுத்தும் நச்சின் அறிகுறி. கடல்மயக்கத்துக்கும் அதே தலைவலி, அதே குமட்டல், அதே தலைசுற்றல் என்பதால்தான் படகில் அது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. வேறுபடுத்த ஒரு வழி உண்டு. திறந்த காற்றுக்கு வந்ததும் தலைவலி குறைகிறதா, ஒரே இடத்தில் தூங்கிய எல்லாருக்கும் சேர்ந்தே வருகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் விடை ஆம் என்றால் கடலைக் குற்றம் சொல்லவேண்டாம். அடுத்த பயணத்துக்கு முன் இருவரும் மருத்துவரைப் பார்த்து, ஜெனரேட்டர் புகைக்கு அருகே தூங்கியதையும் மறக்காமல் சொல்லட்டும்.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். காற்றில் 400 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 400 பங்கு) இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் நெற்றிவலி. 1,600 பிபிஎம் ஆனால் இருபது நிமிடத்தில் தலைசுற்றலும் குமட்டலும், இரண்டு மணி நேரத்துக்குள் மரணம். தூங்குகிறவருக்கு இடையிலுள்ள எச்சரிக்கைகள் எதுவும் தெரியாது.

நிலத்தில் ஜெனரேட்டரை வீட்டுச் சன்னல், கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். உங்கள் வீட்டாரின் படகின் மொத்த நீளம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சிறுபடகில் பாதுகாப்பான தூரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. அதனால் எங்கள் பதில் நேரடியானது: ஆள் தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக்கூடாது. கூடாரம் மூடியிருக்கும்போதும் கூடாது. அறைக்குள்ளோ இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டிக்குள்ளோ எந்த நேரத்திலும் கூடாது.

"பின்பக்கம்தானே இருக்கிறது, காற்று அடித்துக்கொண்டு போய்விடும்" என்பார்கள். நங்கூரமிட்ட படகு காற்றுக்கு முகம் காட்டி நிற்கும்வரை அது சரி. நம் நீரிணைகளில் நீரோட்டம் வலுவானது. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றமும் வற்றமும் மாறும்போது, காற்றை மீறிப் படகு நீரோட்டத்துக்கு ஏற்பத் திரும்பி நிற்கும். அப்போது காற்று பின்புறமிருந்து வரும், புகை நேராகக் கூடாரத்துக்குள் போகும். இரவு பத்து மணிக்குப் பார்த்து வைத்த திசை மூன்று மணிக்கு இருக்காது. படகு ஓடும்போதும் ஆபத்து உண்டு. முன்னேறும் படகின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, புகை படகுக்குள்ளேயே இழுக்கப்படும். பயணத்தின்போது ஜெனரேட்டரை நிறுத்திவைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

இஎன் 50291-2 என்ற தரக்குறி உள்ள, படகுகளுக்கும் கேரவன்களுக்குமான கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியை வாங்குங்கள். வீட்டுக்கானது அதிர்வையும் ஈரத்தையும் நெடுநாள் தாங்காது. படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டி, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கருவியின் முதுகில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும். கருவி அலறினால் முதலில் ஆட்கள் வெளியே, அப்புறம் ஜெனரேட்டர் நிறுத்தம். மயங்கியவரைத் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து, விஎச்எஃப் வானொலியில் 16ஆம் அலைவரிசையிலோ 995 அவசர எண்ணிலோ உதவி கேளுங்கள். எச்சரிக்கைக் கருவி இருக்கிறது என்பதற்காக ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கலாம் என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: படகு ஆடினால் என் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடுகிறது. எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிகிறது. எண்ணெய் இருக்கத்தான் செய்கிறது. அந்த உணர்கருவியின் கம்பியைக் கழற்றிவிடலாம் என்கிறார் நண்பர்.
– பொங்கோல் வாசகர்

பதில்: கழற்றாதீர்கள். இந்தச் சின்ன இயந்திரங்களில் எண்ணெய்ப் பம்பு கிடையாது. அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயை உள்ளிருக்கும் ஒரு துடுப்பு வாரி இறைத்துத்தான் உறுப்புகள் நனைகின்றன. மொத்த எண்ணெயே 0.4 லிட்டர் அளவுதான். படகு சாயும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் மிதவை தாழ்கிறது, இயந்திரம் நிற்கிறது. உணர்கருவி பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் துடுப்புக்கு உண்மையிலேயே எண்ணெய் எட்டாமல் இருக்கக்கூடும்.

தரையில் மட்டமாக வைத்து, அளவுக்குறியின் மேல்விளிம்புவரை எண்ணெய் விடுங்கள். பாதி இருந்தாலும் தரையில் ஓடும், கடலில் நிற்கும். அதற்காக அளவுக்கு மேல் ஊற்றினால் எண்ணெய் காற்று வடிகட்டிக்குள் ஏறி வெண்புகை கக்கும். அப்புறம் ஜெனரேட்டரை 90 பாகை திருப்பி வைத்துப் பாருங்கள். படகு முன்பின்னாக ஆடுவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் ஆடும். மிதவை இருக்கும் திசையை மாற்றினாலே பல வேளைகளில் நிற்பது குறைந்துவிடும். ஆனால் புகைக்குழாய் படகுக்குள் பார்க்கும் என்றால் திருப்பவேண்டாம். அவ்வளவுக்குப் பிறகும் நின்றால், ஜெனரேட்டர் ஓட்டும் கடல் அன்று இல்லை என்று பொருள்.

கேள்வி: மரினாவில் கரை மின்சாரம் வாங்கும் செருகுவாய் என் படகில் இருக்கிறது. கடலில் இருக்கும்போது ஜெனரேட்டரை அதே செருகுவாயில் இணைத்தால் படகு முழுவதும் மின்சாரம் வருமே, செய்யலாமா?
– செம்பவாங் வாசகர்

பதில்: கரை, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் மாற்றுச்சுவிட்சை உரிமம் பெற்ற மின்பணியாளர் பொருத்தினால் செய்யலாம். இரு முனையிலும் ஆண்செருகி வைத்த கம்பியைத் தயாரித்து மாட்டுவது உயிரோடு விளையாடுவது. கழற்றிய முனையில் 230 வோல்ட் திறந்து நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. கையில் தூக்கிச்செல்லும் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் கம்பி நிலக்கம்பியோடு இணைந்திருக்காது. அந்நிலையில் மின்கசிவு ஏற்பட்டாலும் படகிலுள்ள ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சு) துண்டிக்காது, ஏனென்றால் கசியும் மின்சாரம் திரும்பிவர வழியில்லை. வீட்டில் அது காப்பாற்றுகிறதே என்று இங்கே நம்பியிருக்க முடியாது. மாற்றுச்சுவிட்சு போடும் பணியாளரிடம் இதையும் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு கருவியையும் நேரடியாக ஜெனரேட்டரிலேயே மாட்டுங்கள். 1.5 சதுர மி.மீ. ரப்பர் உறைக் கம்பி, பத்து மீட்டருக்கு மிகாமல், இணைப்புகள் தளத்தில் கிடக்காமல் மேலே தொங்கட்டும். மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பெட்ரோலை எங்கே நிரப்புவது? படகிலேயே ஊற்றிக்கொள்ளலாமா?
– சாங்கி வாசகர்

பதில்: ஜெனரேட்டரைக் கரையில் இறக்கி, ஆறவிட்டு, தரையில் வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. படகில் சிந்தினால் ஆவி கடலுக்குப் போகாது, அடிக்குழியில் இறங்கித் தங்கும். காற்றில் அது 1.4 விழுக்காடு கலந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். அந்தக் குழியில்தான் நீரிறைக்கும் பம்பும் அதன் சுவிட்சும் இருக்கின்றன. தொட்டியைக் கழுத்துவரை நிரப்பவும் வேண்டாம், வெயிலில் பெட்ரோல் விரியும். பயணத்தின்போது மூடியிலுள்ள காற்றுத்துளையைத் திருகி மூடுங்கள். ஜெனரேட்டரை ஓட்டுமுன் மறக்காமல் திறந்துவிடுங்கள். மறந்தால் சற்று நேரம் ஓடிவிட்டு மூச்சுமுட்டி நிற்கும், பலர் அதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்துப் பிரித்துப்போடுகிறார்கள்.

கேள்வி: ஜெனரேட்டருக்குப் பதிலாக இப்போது விற்கும் பெரிய பேட்டரிப் பெட்டிகள் போதுமா?
– ஈசூன் வாசகி

பதில்: பெரும்பாலானவர்களுக்குப் போதும். பாசிர் ரிஸ் வாசகரும், துவாஸ் வாசகியின் வீட்டாரும் இதைப் படிக்கவேண்டும். எட்டு மணி நேர இரவுக்கு 20 வாட் விளக்கு 160 வாட்-மணி, 25 வாட் மின்விசிறி 200, விட்டுவிட்டு ஓடும் 12 வோல்ட் குளிர்பெட்டி சராசரி 25 வாட் என்றால் இன்னொரு 200, கைபேசிகளுக்கு 40. கூட்டினால் 600. ஒரு கிலோவாட்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெட்டியில் மாற்று இழப்பு போக 850 கிடைக்கும். எடையும் 10 முதல் 15 கிலோதான். புகையில்லை, பெட்ரோல் ஆவியில்லை, தூங்கும்போதும் ஓடலாம். குளிர்சாதனம், மின்அடுப்பு, கொதிகெண்டி என்று கேட்டால்தான் ஜெனரேட்டர் தேவைப்படும்.

பேட்டரிப் பெட்டியையும் அதே தொட்டில், அதே பட்டையோடு கட்டவேண்டும். 12 கிலோவும் அலையில் பறக்கும். நிழலில், தளத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, உப்புநீர் தெறிக்காத இடத்தில் வையுங்கள். உப்புநீர் உள்ளே போன பெட்டியைத் துடைத்துக் காயவைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள், வீட்டுக்குள் மின்னேற்றவும் செய்யாதீர்கள்.

கேள்வி: இரண்டே ஆண்டில் ஜெனரேட்டர் துருப்பிடித்துவிட்டது. பராமரிப்பு?
– ஜூரோங் வாசகர்

பதில்: படகிலேயே விட்டுவைக்காதீர்கள், அதுதான் முதல் மருந்து. வீடு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள், குழாயால் பீய்ச்சவேண்டாம். திறந்தவெளியில் பத்து நிமிடம் ஓடவிட்டால் உள்ளீரம் காயும். அடுக்குமாடி வீட்டின் சமையலறையிலோ பொதுநடையிலோ அதைச் செய்யக்கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கவிட்டால் கார்புரேட்டர் வற்றிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் பயன்படுத்தப்போவதில்லை என்றால் தொட்டியையும் காலிசெய்யுங்கள். எண்ணெயை முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை, அப்புறம் 100 மணி அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பட்டைகளையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். இழைகளுக்குள் காயும் உப்புப் பரல் உள்ளிருந்தே நூலை அறுக்கும். தையல் வெளுத்தோ, ஓரத்தில் இழை பிரிந்தோ இருந்தால் புதிது வாங்குங்கள், சில வெள்ளிதான் ஆகும்.